லிங்கராஜ் வாடகைக்கு இருப்பதற்கான காரணம்

தூத்துக்குடியில் வாடகை வீடுகள் ஏன் இப்படிப் பெருகிக்கொண்டே போகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காகத் தென்கடற்கரைக் குடியிருப்பு வாரியம் ஓர் ஆய்வுக் குழுவை நியமித்தது. குழு ரயிலை விட்டு இறங்கியதும் செய்த முதல் காரியம், தங்குவதற்கும் உட்காருவதற்கும் வாடகை வீடு தேடியதுதான். இதில் யாரும் குற்றம் காண முடியாது. பதினோரு பேர் மூன்று வருஷத்துக்கு வந்திருந்தார்கள். நடுரோட்டில் உட்கார்ந்தா ஆராய்ச்சி செய்ய முடியும்?

அப்போது லிங்கராஜ் போல்டன்புரத்தில் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் மாடியில் குடியிருந்தார். கீழே அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. லிங்கராஜுக்கு நாற்பத்தாறு வயது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் லாரி எடை போடும் மேடையில் வேலை. காலி லாரி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு என்று பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். எதையும் உள்ளது உள்ளபடி சொல்லிப் பழகியவர். பின்னால் அவருக்கு வந்த தொல்லைகளில் பாதி இந்தப் பழக்கத்தால் வந்தது. அவர் மனைவி சந்தனச்செல்வி முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஜாக்கெட் தைப்பதில் அவளுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். பிரையண்ட் நகரிலிருந்துகூடத் துணியோடு தேடி வருவார்கள்.

லிங்கராஜுக்குச் சொந்த வீடும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மேற்கொண்டு ஒன்றும் விளங்காது. தருவைகுளம் ரோட்டில், உப்பளங்களை ஒட்டி, வாரியம் இருநூற்று நாற்பது வீடுகள் கட்டியிருந்தது. குலுக்கலில் அவருக்கு விழுந்தது சி பிளாக், பதினேழாம் எண். கட்டவேண்டியதைக் கட்டி முடித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சாவி மட்டும் வரவில்லை.

காரணம் மிகவும் நியாயமானது. சாவி கொடுக்க நிறைவுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கிடைக்க, சாக்கடைக் குழாய் ஒழுங்காக ஓடுகிறது என்று நிரூபிக்க வேண்டும். சாக்கடை ஓட வேண்டுமானால் வீடுகளில் ஆள் இருந்து தண்ணீர் புழங்க வேண்டும். ஆள் இருக்கச் சாவி வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை லிங்கராஜ் வாரிய அலுவலகத்துக்குப் போவார். அங்கே இருந்த உதவியாளர் இந்த விவரத்தை முதல்முறை சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்லி, ஒரு தாளில் வட்டம் போட்டும் காட்டுவார். ஆறு வருஷத்தில் அவருக்கு வட்டம் மிக அழகாக வர ஆரம்பித்திருந்தது. இதற்கிடையில் ஆளில்லாத அந்த வீடுகளுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள்.

ஆய்வுக் குழுவிலிருந்து லிங்கராஜின் வீட்டுக்கு முதலில் வந்தவள் ஸ்டெபி. மணப்பாட்டுப் பெண். படிப்பை முடித்துவிட்டு ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கையில் ஒரு டேப்லெட். சந்தனச்செல்வி கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு, அதில் இருந்த முதல் கேள்வியை லிங்கராஜிடம் கேட்டாள்.

“நீங்க ஏன் வாடகை வீட்டுல இருக்கிய, அண்ணாச்சி?”

“சொந்த வீட்டுச் சாவிய உங்க ஆபீஸ்ல தர மாட்டேங்காவ. அதான்.”

ஸ்டெபி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். நிபுணர்கள் உட்கார்ந்து தயாரித்த பதினான்கு காரணங்கள் அதில் இருந்தன. சொந்த வீட்டின் மேல் நாட்டமின்மை, கூட்டுக்குடும்பத்தில் மனக்கசப்பு, நகர வாழ்க்கையின் கவர்ச்சி, கடற்காற்றின் மேல் ஈடுபாடு என்று அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். சாவி எந்த இடத்திலும் இல்லை. ஏதாவது ஒன்றைத் தொடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்றும், நாளொன்றுக்கு எட்டு வீடு முடிக்காவிட்டால் தனக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்றும் சொன்னாள். லிங்கராஜுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காபி வேறு ஆறிக்கொண்டிருந்தது. கடற்காற்றையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த சந்தனச்செல்விக்கு இது பொறுக்கவில்லை. கடல் கிழக்கே இருக்கிறது, இந்த வீட்டில் இருக்கிற ஒரே ஜன்னல் மேற்கே பார்த்து இருக்கிறது, அதைத் திறந்தால் மீன் ஐஸ் கம்பெனிச் சுவர்தான் தெரியும் என்று அங்கிருந்தே சொன்னாள். அதை எழுதுவதற்கும் டேப்லெட்டில் இடம் இல்லை.

அடுத்த மாதம் குழுவின் தலைவர் முனைவர் தாணுலிங்கம் நேரில் வந்தார். பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர். லிங்கராஜின் வீட்டைச் சுற்றிப் பார்த்து, வாடகைதாரர் வாழும் சூழலுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது என்றார். ஆய்வு அலுவலகத்தை அங்கேயே வைப்பது என்று முடிவானது. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி மூன்று நாள் லிங்கராஜின் கண்ணில் படாமல் இருந்தார். நான்காம் நாள் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழத்தோடு மாடியேறி வந்தார்.

“அரசாங்கம் கேக்கு, லிங்கராஜ். நான் கடை வச்சிருக்கவன். மாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?” என்றார். கேட்ட வாடகைக்கு மேலேயே தருகிறார்கள் என்பதையும், குரலைத் தாழ்த்தி, அவரே சொன்னார். நல்ல மனிதர், மறைக்கத் தெரியாது.

லிங்கராஜ் மில்லர்புரத்தில் வேறு வீடு பார்த்துக் குடிபோனார். இரண்டாம் வாரம் ஸ்டெபி அங்கே வந்தாள். ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டுக்குப் போனதால் அவர் புதிய வாடகைதாரராகப் பதிவாகிறார் என்று விளக்கினாள். பழைய வீடும் வாடகையில் இருக்கிறது, புதிய வீடும் வாடகையில் இருக்கிறது. ஆக, ஒன்று இரண்டாகியிருக்கிறது. சுவரில் தொங்கிய வரைபடத்தில் கோடு மேலே ஏறியது. தாணுலிங்கம் அதைப் பார்த்துக் கவலையும் உற்சாகமும் ஒருசேர அடைந்தார் என்று சொன்னார்கள்.

வளர்ச்சி வேகமாக இருந்ததால் குழுவில் ஆள் போதவில்லை. மேலும் இருபது பேர் வந்தார்கள். அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. நிரப்பிய படிவங்களை வைக்க ஒரு வீடு வேண்டியிருந்தது. வாடகை ஏன் ஏறுகிறது என்று பார்க்கத் துணைக் குழு ஒன்று வந்து, மில்லர்புரத்தில் ஒரு தெருவில் பாதியைக் கேட்ட வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் பாதியில் லிங்கராஜின் வீடும் இருந்தது. அவர் முத்தையாபுரத்துக்குப் போனார். அங்கேயும் ஏழு மாதம்தான்.

ஒவ்வொரு முறையும் தையல் மிஷினை இறக்கி ஏற்றியதில் சந்தனச்செல்வியின் பிழைப்பு ஆட்டம் கண்டது. துணி கொடுத்தவர்கள் பழைய வீட்டுக்குப் போய்க் கேட்டால் அங்கே டேப்லெட்டோடு ஒருவர் உட்கார்ந்து, நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்களா என்று கேட்பார். முகூர்த்தத்துக்கு என்று ஒரு பெண் கொடுத்த ஜாக்கெட், அவள் கல்யாணமாகி மறுவீட்டுக்கும் போய் வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. பிரையண்ட் நகர்ப் பெண்கள் வேறு தையல்காரியைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சந்தனச்செல்வி, அடுத்த திங்கட்கிழமை தானும் வாரிய அலுவலகத்துக்கு வருவதாகச் சொன்னாள்.

உதவியாளர் வழக்கம்போல் தாளை எடுத்து வட்டம் போட்டார். சந்தனச்செல்வி முழுவதையும் கவனமாகக் கேட்டாள்.

“சாக்கடையில தண்ணி ஓடணும், அவ்வளவுதான சார்? நாங்க எல்லாரும் வந்து ஒரு நாள் ஊத்திட்டுப் போறோம்.”

உதவியாளர் வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். யார் ஊற்ற வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் தோன்றாதது பற்றி அவருக்குச் சிறிது வருத்தம்கூட இருந்திருக்கலாம். கோப்பு நான்கு மாதம் மேலும் கீழும் போய், கடைசியில் அனுமதி வந்தது. குறித்த ஞாயிற்றுக்கிழமை, ஒதுக்கீடு பெற்ற குடும்பங்கள் காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரை தத்தம் வீடுகளில் இயல்பாக வாழ வேண்டும். விசில் ஊதியதும் வாழ்வதை நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். அச்சடித்த கடிதத்தில் அப்படியேதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தருவைகுளம் ரோட்டில் ஆட்டோவும் மினி பஸ்ஸுமாக வந்து நின்றன. இருநூற்று நாற்பது குடும்பங்களும் குடம், வாளி, சோப்பு, அழுக்குத் துணி மூட்டையோடு இறங்கின. பத்து அடித்ததும் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் விழுந்தது. ஏ பிளாக்கில் ஒரு அம்மாள் நான்கு பேரப்பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டினாள். ஒருவர் ஷேவ் செய்துகொண்டார். கணவன் மனைவி சண்டைகூட ஒன்று நடந்தது. வாரியத்தின் பொறியாளர் அதையும் இயல்பான வாழ்க்கையில் சேர்த்துக் குறித்துக்கொண்டார்.

சி பதினேழில் சந்தனச்செல்வி கொண்டுவந்த கஞ்சித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினாள். அது களகளவென்று போயிற்று. பிறகு நாலு வாளித் தண்ணீரில் வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். அளவு நாடாவை எடுத்து ஜன்னலோரச் சுவரை அளந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. லிங்கராஜ் காய்ந்த இடமாகப் பார்த்துத் துண்டை விரித்து, சும்மா படுத்துப் பார்த்தார். பகலில் தூங்கும் பழக்கமே இல்லாதவர், கண்ணை மூடியவர்தான், குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். சந்தனச்செல்வி அவரை எழுப்பவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, எழுதி வைத்த அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதினொரு மணிக்கு விசில் ஊதினார்கள். இரண்டு குடும்பங்கள் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டன. அவர்களை வெளியே வரவழைக்கப் பன்னிரண்டரை ஆயிற்று. லிங்கராஜ் எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று விளங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

சாக்கடை மிக நன்றாக ஓடியிருந்தது. மூன்று வாரத்தில் நிறைவுச் சான்றிதழும் வந்தது. அதோடு லிங்கராஜுக்கு ஒரு கடிதம் வந்தது. சாவி என்று நினைத்துப் பிரித்தார். அதில், தாங்கள் வாடகை வீட்டு வளர்ச்சி ஆய்வின் நிலையான மாதிரியாகத் தேர்வு செய்யப்பட்டிருப்பதால், ஆய்வு முடியும்வரை தாங்கள் வாடகைதாரராகவே நீடிப்பது அவசியம், எனவே வீடு ஒப்படைப்பு தள்ளிவைக்கப்படுகிறது என்று இருந்தது. விசாரித்தபோது எல்லோருக்கும் அதே கடிதம் வந்திருந்தது. மாதிரிக்கு ஆள் தேடி அலைய வேண்டாம் என்று குழு ஆரம்பத்திலேயே வாரியத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டிருந்தது. பெயர், முகவரி எல்லாம் தட்டச்சில் தயாராக இருந்த பட்டியல் அது ஒன்றுதான்.

மாதிரியிலிருந்து விலகவும் வழி இருந்தது. அதற்கு ஒரு படிவம், அதோடு ஆய்வுக் காலத்தில் ஒரே வாடகை வீட்டில் தொடர்ந்து இரண்டு வருஷம் குடியிருந்ததாக வீட்டுக்காரர் சான்று. லிங்கராஜ் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியிடம் போனார். அண்ணாச்சி உடனே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். ஆனால் அந்த மாடியில் இப்போது ஆய்வு அலுவலகமே இருப்பதாக அந்த அலுவலகத்தின் ஏடுகளே சொல்லின. “ஒம்மைக் காலி பண்ணச் சொன்ன அன்னைக்கே என் கை ஒடிஞ்சிருக்கணும்,” என்றார் அண்ணாச்சி. கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆய்வின் முடிவுகளை வெளியிடக் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு வைத்தார்கள். மூன்று வருஷமும் மாதிரியாக நிலைத்து நின்றதற்காக லிங்கராஜை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சந்தனச்செல்வி மூன்றாம் வரிசையில் இருந்தாள். தாணுலிங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

“நண்பர்களே, நாங்கள் வரும்போது இந்த நகரத்தில் வாடகை வீடுகள் பெருகுகின்றன என்பது வெறும் சந்தேகமாக இருந்தது. நாங்கள் வந்த பிறகு அது உறுதியாகிவிட்டது. இதை ஆய்வின் முதல் வெற்றியாகக் கருதுகிறேன். இரண்டாவது, ஒருவருக்குச் சொந்த வீடு கொடுத்தால் அவர் வாடகை வீட்டை விட்டுப் போய்விடுகிறார். எல்லோரும் போய்விட்டால் வாடகை வீட்டில் இருப்பவர்களின் பிரச்சினையை யாரை வைத்துத் தீர்ப்பது? இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, ஒன்பது ஆண்டுகளாக ஒரு வீட்டைக்கூட யாருக்கும் கொடுக்காமல் காத்துவந்த வாரியத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.”

வாரிய அதிகாரிகள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பிறகு லிங்கராஜை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. லாரிச் சீட்டுப் படிப்பதுபோல் சொன்னார்.

“எனக்குச் சி பதினேழாம் நம்பர் வீடு. பணம் கட்டிட்டேன். சாக்கடை ஓடுது. சாவி வேணும்.”

தாணுலிங்கம் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் உண்மையான நெகிழ்ச்சி இருந்தது. மூன்று ஆண்டுகள், நான்கு வீடுகள், ஆனால் பதிலில் ஓர் எழுத்து மாறவில்லை, நமது தரவு எவ்வளவு நம்பகமானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா என்று சபையைக் கேட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சந்தனச்செல்வி மட்டும் கைதட்டவில்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த மாதிரிக் குடும்பங்களும் தட்டவில்லை.

அறிக்கை எழுநூறு பக்கம். நகரத்தில் வாடகை வீட்டுக்குக் கடுமையான தேவை இருக்கிறது. ஆகவே ஆளில்லாமல் கிடக்கும் இருநூற்று நாற்பது வீடுகளையும் ஒரு தனியார் கம்பெனியிடம் இருபது வருஷக் குத்தகைக்குக் கொடுத்து, வாடகைக்கு விடச் செய்யலாம் என்று கடைசிப் பக்கத்தில் பரிந்துரைத்திருந்தார்கள். ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு அவரவர் வீட்டை வாடகைக்கு எடுப்பதில் முன்னுரிமை உண்டு. வாரியம் இதை ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. பத்து வருஷத்தில் அது அவ்வளவு வேகமாகச் செய்த காரியம் வேறில்லை.

லிங்கராஜுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டுக்குத் தானே வாடகை கொடுப்பதற்கு எடைமேடையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம் என்றார். சந்தனச்செல்வி இரண்டு நாள் அவரை அப்படியே விட்டாள். அந்த இரண்டு நாளும் அவள் ஒவ்வொரு குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

“வெளிய நின்னு கேட்டா நாம என்னைக்கும் வெளியதான். மொதல்ல உள்ள போயி உக்காருவோம். அறுபத்து மூணு வீட்டுக்காரவ வாரேன்னு சொல்லிட்டாவ. உள்ள இருந்துகிட்டே கேஸ் போடுவோம். பெறகு எப்படி விசில் ஊதுதாவன்னு பாப்போம்.”

லிங்கராஜ் நெடுநேரம் யோசித்தார். கடைசியில், மிஷினை ஏற்ற எந்த வண்டி சொல்லட்டும் என்று கேட்டார்.

தை மாதம் சி பதினேழில் பால் காய்ச்சினார்கள். சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி ஒரு மாதத்துக்கான பலசரக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கணக்கு எழுதவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். கேஸும் போட்டார்கள். நீதிமன்றம் வாரியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. வாரியம் தன் பதிலைத் தயாரிப்பதற்கு முன்னால், சொந்த வீட்டுக்காரர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருக்கும் விசித்திரமான போக்கு பெருகுவது ஏன் என்று ஆராயப் புதிய குழு ஒன்றை நியமித்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெபி படியேறி வந்தாள். ஒரு கையில் டேப்லெட், மறு கையில் பெரிய சூட்கேஸ். வாசலிலேயே நின்றாள். புதிய குழுவிலும் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஆனால் குழு வந்ததும் ஊரில் வாடகை மறுபடியும் ஏறிவிட்டது. அவள் தங்கியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அந்த அறை துணைத் தலைவருக்கு வேண்டுமாம். இங்கே ஓர் அறை கிடைக்குமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

லிங்கராஜ் மனைவியைப் பார்த்தார். ஜன்னலோரத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த சந்தனச்செல்வி கடைசித் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு எழுந்து வந்தாள். ஸ்டெபியின் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்தாள்.

“ஏளா, பெட்டிய உள்ள கொண்டா,” என்றாள். “அந்தக் கேள்வி கேக்குத சாமானச் செருப்போட வெளிய வச்சுட்டு வா.”